பல் தெரியாமல்

எங்கள் தெரு போர்வெல் தண்ணீர்
நாக்கிடம் எதையும் சொல்லாது.
உப்புமில்லை, கசப்புமில்லை.
பல்லிடம்தான் சொல்லும்.
பால்பல் விழுந்த இடத்தில் எனக்கு
புளியங்கொட்டை நிறத்தில் ஒரு வரிசை முளைத்தது.

வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான்,
கணக்கு டீச்சருக்கும்.
பென்னாகரத்தில் அதற்கு வியாதிப் பேர் கிடையாது.
பல் என்றுதான் பேர்.

வேறு பேர் உண்டென்று
ஒரு தீபாவளிப் படத்தில் தெரிந்துகொண்டேன்.
இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்
கதாநாயகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.
கதவு திறக்கிறது.
மேக்கப்காரர் காவி தீட்டிவிட்ட பல்லோடு
ஒருத்தி இளிக்கிறாள்.
பின்னணியில் ஒரு 'டொய்ங்'.
அவன் மயங்கி விழுகிறான்.

கொட்டகை அதிரச் சிரித்தது.
அப்பா சிரித்தார்.
முறுக்குத் தட்டோடு நின்ற பையன் சிரித்தான்.
செல்லக்கிளி அத்தை
முந்தானையில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.
திரை வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன்.
முந்நூறு வாய்.
ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

நானும்தான் சிரித்தேன்.
பாதியில் கை தானாக மேலே வந்தது.

வந்த கை வந்ததுதான்.
டிவியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்
உங்கள் பேஸ்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டார்.
உப்பு வைத்துத் தேய்த்தேன்,
அடுப்புக்கரி, எலுமிச்சை, ஒருநாள் செங்கல் பொடி.
ரத்தம் வந்தது, கூச்சம் வந்தது.
நிறம் மேலே பூசியதல்ல, உள்ளிருந்து வந்தது.
ஹால் டிக்கெட் போட்டோவுக்கு
பாப்பாரப்பட்டி ஸ்டுடியோ அண்ணன் சொன்னார்:
'பல் தெரியாம சிரிம்மா.'
அந்தச் சிரிப்பைத்தான்
ஆதார் வரைக்கும் கொண்டுபோனேன்.

இப்போது ஓசூர் பக்கம் கம்பெனி வேலை.
முன் கேமரா சோதிக்கும் டேபிள்.
ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் போன்,
ஒவ்வொன்றிலும் மூன்று நொடி நான்:
தொப்பி, மாஸ்க், நடுவில் ரெண்டு கண்.
பச்சை விளக்கு எரிந்தால் நான் சரி.
அடுத்த போன்.
யார் யார் கைக்கோ போகிறது
என் கண் முதலில் பார்த்த கண்ணாடி.

ஹாஸ்டல் மாடியில் துணி காயும் கயிற்றுக்குக் கீழே
ஜோதிலட்சுமிதான் முதலில் காட்டினாள்.
போனைத் தூக்கிப் பிடித்தால் போதும்.
கன்னம் ஒடுங்குகிறது, கறுப்பு குறைகிறது,
கேட்காமலேயே பல் வெளுக்கிறது.
நூற்றுப் பதினேழு லைக்.
எனக்கல்ல, அவளுக்கு.

புரோக்கர் வழியாக
சேலத்துக்குப் போனதும் அவள்தான்.
அவளைப் பார்க்க கார் எடுத்து வந்தார்கள்.
கதவைத் திறந்தது நான்.
காபி கொடுத்தேன். என்ன படிப்பு என்றார்கள்.
டிப்ளமோ என்றேன்,
அந்த ஒரு சொல்லுக்கு உதடு எவ்வளவு திறக்க வேண்டுமோ
அவ்வளவு மட்டும்.
யாரும் மயங்கி விழவில்லை. நல்ல மனிதர்கள்.
'டொய்ங்' எனக்கு மட்டும் கேட்டது.

மோனிஷா தவழும்போது
ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது.
பன்னிரண்டு வயது.
வாய் நிறைய சுரைவிதை மாதிரி பல் அவளுக்கு.
பொங்கல் லீவில் என் பக்கத்தில் படுத்து
ரீல்ஸ் தள்ளிக்கொண்டே வந்தவள்
எதற்கோ குலுங்கிச் சிரித்தாள்,
கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஏண்டி மூடுற, என்று கையை இழுத்தேன்.
'விடுக்கா.
அழகா சிரிக்கிறதுன்னா இப்படித்தானே,
நீ சிரிக்கிற மாதிரி.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
கை மேலே போனதை
போனில்தான் பார்த்தேன்.
முன் கேமரா திறந்து கிடந்தது.
ரெண்டு பேர், ரெண்டு கை.
வெளுக்க ஒன்றும் அகப்படாமல்
ஃபில்டர்
தேடிக்கொண்டே இருந்தது.